கட்டாதீங்க, அப்படியே புடிங்க

அரியலூர்க் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பூவரசனுக்கு மனிதர்கள் மேல் மரியாதை என்று ஒன்று கிடையாது. கல்யாண வீட்டு ஜனங்களைக் கேமரா வழியாகவே பார்த்துப் பார்த்து வந்த கோளாறு அது. மாப்பிள்ளை என்றால் வேர்த்து வழிகிற ஒரு மூஞ்சி. பெண் என்றால் பவுடருக்கு அடியில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஜீவன். மொய்க்கவரை நீட்டிவிட்டு, கேமரா தன் பக்கம் திரும்புகிறவரை கவரின் மறுமுனையை விடாத சித்தப்பாக்கள் இருக்கிறார்களே, அவர்களைக் கண்டால் அவனுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

கல்யாணத்துக்கு முந்தைய ஜோடிப் படம் எடுக்க வருகிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டின பள்ளத்தில் தேங்கிய பச்சைத் தண்ணீர் அவர்களுக்கு வெளிநாடு. உச்சி வெயிலில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, காதல் என்றால் என்னவென்றே தெரியாத இரண்டு பேர் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு நிற்பார்கள். சிமெண்ட் ஆலைக்குப் போகிற லாரிக்காரன் ஹாரன் அடித்துச் சிரித்துவிட்டுப் போவான். "கொஞ்சம் ஆசையா பாருங்க சார், கடன்காரனப் பாக்குற மாதிரி பாக்காதீங்க" என்று பூவரசன் சொல்வான். அவர்கள் அதையும் கேட்டுக்கொண்டு பல்லைக் காட்டுவார்கள். வெட்கங்கெட்ட ஜனங்கள்!

ஆனால் வேலையில் அவன் கில்லாடி, சும்மா சொல்லக்கூடாது. அதிலும் தாலி கட்டுகிற நேரத்தில் மேடையில் அவன் வைத்ததுதான் சட்டம். கெட்டிமேளம் கொட்டியதும் முன்வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் ஆட்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி, ஒரு மதில் மாதிரி மறைத்துக்கொள்வான். "கட்டாதீங்க, அப்படியே புடிங்க! கையை இன்னும் மேல! என்னைப் பாருங்க!" என்று அதட்டுவான். மாப்பிள்ளை தாலிக்கயிற்றைப் பெண்ணின் கழுத்தருகே தூக்கிப் பிடித்தபடி இவனைப் பார்த்து இளித்துக்கொண்டிருப்பான். இவன் தலையாட்டின பிறகுதான் முடிச்சு. தாலி கட்டினதைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு பந்திக்கு ஓடுகிற ஊர்க்காரர்கள் உண்மையில் பார்த்தது பூவரசனின் முதுகைத்தான்.

இப்பேர்ப்பட்ட மகானுக்கு நாற்பது நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கிடைக்காமல் இல்லை, கிடைத்த பெண்களை இவன்தான் தட்டிக் கழித்தான். ஒருத்திக்குத் தாடை கோணல் என்றான். ஒருத்தி முகம் லைட் வாங்காது என்றான். ஜெயங்கொண்டத்தில் பார்த்த ஒரு பெண்ணை வலது பக்கத்திலிருந்து மட்டும்தான் பார்க்க முடியும் என்று அவள் வீட்டு வாசலிலேயே சொல்லிவிட்டு வந்தான். அவன் அம்மா பொன்னம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டா, பொண்ணு பாக்க வந்தியா, போட்டோவுக்கு ஆள் புடிக்க வந்தியா? உன் மூஞ்சிய என்னிக்காவது கண்ணாடில பாத்திருக்கியாடா?"

இவன் பேச்சு ஊரெல்லாம் பரவி, கடைசியில் பெண் வீட்டார் இவன் பெயரைக் கேட்டாலே ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நன்றாக வேண்டும்! பொன்னம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. பூவரசனுக்கும் உள்ளுக்குள் உதறல் எடுத்துவிட்டது. மற்றவன் கல்யாணத்தைப் படம் பிடித்தே செத்துப்போய்விடுவோமோ என்ற பயம் அது. அந்த நேரத்தில்தான் கீழப்பழுவூர் வெள்ளைச்சாமியின் மகள் மணிமொழியின் ஜாதகம் வந்தது. சிமெண்ட் ஆலை ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவள். முகத்தில் குறை சொல்ல பூவரசன் தேடித்தான் பார்த்தான், அகப்படவில்லை. இது தவறினால் இனி இல்லை என்று அவனுக்கே தெரிந்தது.

நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றும்போதே அவனுக்குக் கை நமநமத்தது. பெண் வீட்டார் ஏற்பாட்டில் பெரம்பலூரிலிருந்து வந்திருந்த போட்டோக்காரன் பிரேமை அவனுக்குக் கட்டோடு பிடிக்காது. லைட் வைக்கத் தெரியாதவன், இன்ஸ்டாகிராமில் பேர் வாங்கினவன். பிரேம் கேமராவைத் தூக்கினதும் பூவரசன் மணிமொழியின் தாடையை விரலால் தொட்டுத் திருப்பி, "இந்தப் பக்கம் வச்சா நல்லா விழும்" என்றான். சபையே பார்த்தது. சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் மணிமொழி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். கல்யாணத்தன்னிக்கு நீங்க மாப்ளயா மட்டும் இருந்தா போதும். என்னை எப்படிக் காட்டணும்னு பாக்காம, என்னைப் பாருங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. எங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"சத்தியமா" என்றான் பூவரசன். அந்த நிமிஷம் மனதாரத்தான் சொன்னான், பாவி.

கல்யாணம் கீழப்பழுவூர் மண்டபத்தில். காலையிலிருந்து அவன் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். பிரேம் லைட்டைப் போட்ட இடத்தைப் பார்த்து வயிறு எரிந்தது. மூக்குக்கு நேராக வைத்திருக்கிறானே, மடையன்! ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மணிமொழி ஒரு தடவை திரும்பி அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றார் ஐயர். தவில் அதிர்ந்தது. பிரேமும் ஆட்களும் மேடையை மறைத்துக்கொண்டு நின்றார்கள். பூவரசன் தாலியை எடுத்து அவள் கழுத்தருகே கொண்டுபோனான். பிரேம் அமுக்கினான். ஃப்ளாஷ் அடிக்கவில்லை.

அவ்வளவுதான். பூவரசனின் கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டன.

"டேய், அடிக்கலடா! ஃப்ளாஷ் ட்ரிக்கரைப் பாரு!"

"அண்ணே, நீங்க கட்டுங்கண்ணே."

"என்னத்தைக் கட்டச் சொல்ற? இருட்டுல விழுந்த படத்தை வச்சுக்கிட்டு நாக்கு வழிக்கவா? லைட்டைச் சரி பண்ணுடா முண்டம்!"

பின்னால் இருந்த ஜனங்களுக்கு இது எதுவும் தெரியவில்லை. தெரிவதற்கு வழி எங்கே? அவர்களுக்கு முன்னால் மூன்று முதுகுகள். மேளம் கொட்டியாயிற்று, அட்சதையைப் போட்டார்கள், கடமை முடிந்தது. நாற்காலிகள் இழுபடுகிற சத்தத்தோடு மொத்தக் கூட்டமும் பந்திக்குக் கிளம்பியது. அட்சதை விழுந்ததைப் பார்த்துவிட்டு மேளக்காரர்களும் நிறுத்தினார்கள். பந்தியில் இலையில் தண்ணீர் தெளிக்கிறார்கள், மேடையில் மாப்பிள்ளை கட்டாத தாலியோடு போட்டோக்காரனைத் திட்டிக்கொண்டிருக்கிறான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

வெள்ளைச்சாமி மேடைக்கு ஓடிவந்தார். "மாப்ள, என்ன இது, நேரம் இன்னும் இருக்கு, கட்டுங்க சாமி" என்று கும்பிட்டார். பொன்னம்மாள் மகன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "கட்டுடா, நாசமாப் போறவனே!" யாரோ ஓடிப்போய் மேளக்காரர்களைப் பிடித்துவந்தார்கள். தவில்காரர் தோளில் வாரை மாட்டிக்கொண்டே முணுமுணுத்தார்.

மறுபடியும் கெட்டிமேளம். மணிமொழி தலையைக் குனியவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது பார்ப்பான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். பூவரசன் தாலியைத் தூக்கினான். அவனுக்கும் கட்டிவிட வேண்டும் என்றுதான் எண்ணம், சத்தியமாக. ஆனால் பிரேம் லைட்டைச் சரி செய்துவிட்டான் என்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. கை தானாக இன்னும் கொஞ்சம் மேலே போயிற்று. முகவாய் தானாக லைட் பக்கம் திரும்பியது. உதட்டில், தான் எத்தனையோ மாப்பிள்ளைகளிடம் பார்த்துக் குமட்டின அதே இளிப்பு வந்து உட்கார்ந்தது.

மணிமொழி கயிற்றைக் கையால் விலக்கினாள். கோபமாகக்கூட இல்லை. வீட்டுக்குள் வந்த கோழியை விரட்டுவதுபோல் விலக்கினாள்.

"அந்தக் கேமராவுக்கே கட்டிக்குங்க" என்றாள்.

மாலையைக் கழற்றி மணையில் வைத்துவிட்டு எழுந்தாள். வெள்ளைச்சாமி "அம்மா, அம்மா" என்று பின்னாலேயே ஓடினார். அவள் நிற்கவில்லை. மேளம் பாதியில் அறுந்தது. பொன்னம்மாள் மேடைப் படியிலேயே சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

பழக்கதோஷத்தில் பிரேம் அந்த நேரத்திலும் ஒன்று அமுக்கியிருந்தான். கேமராவைப் பார்த்தான், அப்புறம் பூவரசனைப் பார்த்தான்.

"காட்டு" என்றான் பூவரசன்.

"வேண்டாம்ணே."

"காட்டுடா!"

பிரேம் காட்டினான். லைட் அருமையாக விழுந்திருந்தது. ஓரத்தில் மணிமொழியின் முதுகும் பாதி மேடையிறங்கின பட்டுப்புடவையும். நடுவில் தாலியைத் தூக்கிப் பிடித்தபடி மாப்பிள்ளை. அவள் எழுந்து போய்க்கொண்டிருக்கிறாள், அவன் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.