நாலு ஸ்லீப்பர் கட்டைகள்

'கிரீச்' என்று தொடங்கி, பாதியில் ஒரு 'டக்' என்ற சத்தத்தோடு நின்று, மறுபடி 'கிரீச்' என்று நீளும் அந்த இரும்புச் சத்தம் கேட்டால் அப்பா கொட்டகையில் காரைத் தூக்குகிறார் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். கூடவே கிரீஸும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாடை முற்றம் வரைக்கும் வரும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் அப்போது இருந்தது அந்த ஒரு கார்தான். அதையும் வசதிக்காக வாங்கவில்லை. என் அம்மா மதராஸில் படித்துப் பாஸ் பண்ணிய டாக்டர். கொள்ளிடக்கரையிலிருந்து ஜீயபுரம் வரைக்கும் எங்கே பிரசவம் சிக்கலானாலும் 'லேடி டாக்டரை'க் கூப்பிட ஆள் வரும். ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, அம்மா வண்டிமாட்டை நம்பிக்கொண்டு போனால் காரியத்துக்கு ஆகாது என்று, ஊரை விட்டுப் போன ஒரு துரையிடமிருந்து அந்தப் பழைய காரை வாங்கினார். தானே ஓட்டக் கற்றுக்கொண்டார்.

யுத்தம் வந்ததும் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. டாக்டர் என்பதால் அம்மாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஆனால் டவுனில் எங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் பட்டாளத்தில் சேர்ந்து எங்கேயோ போய்விட்டான். அதற்குப் பிறகு வண்டிக்கு வைத்தியம் பார்ப்பதும் அப்பாவின் பொறுப்பாயிற்று.

என் அப்பாவைப் போல நிதானமான மனிதரை நான் பார்த்ததில்லை. ஒரு சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் அவர் செய்யும் காரியங்களைப் பார்த்தால் ஏதோ பெருமாள் புறப்பாட்டுக்கு ஏற்பாடு நடக்கிற மாதிரி இருக்கும். முதலில் கைப்பிரேக்கை இழுத்துவிடுவார். எதிர்ப்பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கருங்கல்லை நெட்டித் தள்ளுவார். எங்கள் ஊர் மண் ஆற்று மணலாதலால், ஜாக்கி உள்ளே அமுங்காமல் இருக்க அதற்கடியில் ஒரு தேக்குப் பலகையைப் போடுவார். பிறகுதான் கம்பியைச் சுழற்றி வண்டியை அங்குலம் அங்குலமாக ஏற்றுவார். சக்கரம் தரையை விட்டு எழும்பியதும், அச்சுக்கடியில் 'கட்டை' வைப்பார். அது ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஸ்லீப்பர் மரம். கழித்துப்போட்ட ஒன்றை வாங்கி நாலு துண்டாக அறுத்து வைத்திருந்தார். கட்டைமேல் வண்டியின் பாரம் உட்கார்ந்து, அவர் ஒரு தரம் அசைத்துப் பார்த்த பிறகுதான் கையை உள்ளே விடுவார். "ஜாக்கி தூக்கறதுக்குத்தான் ரங்கு, தாங்கறதுக்குக் கட்டைதான் வேணும்" என்பார். இந்த வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

எனக்குப் பதினோரு வயதான வருஷம் நவராத்திரிக்கு நான் ஒரு பிடிவாதம் பிடித்தேன். எதிர்வீட்டில் ஒன்பது படி கொலு; எங்கள் வீட்டில் ஏழுதான். கடைசிப் படிக்கு முட்டுக் கொடுக்கும் பெரிய டிரங்குப் பெட்டியை உயர்த்தினால் இன்னும் இரண்டு படி வைக்கலாம் என்று கண்டுபிடித்தவளும் நான்தான். அதற்கு அந்த நாலு கட்டைகளும் வேண்டும் என்று கேட்டவளும் நான்தான். அம்மா அன்று உறையூருக்குப் போயிருந்தாள். அப்பா கொஞ்சம் யோசித்தார். "பத்து நாள்தானே, அதுக்குள்ள வண்டியைத் தூக்க வேண்டி வராது" என்று சொல்லி, கட்டைகளைத் துடைத்து, அவரே தூக்கிக்கொண்டு வந்து பெட்டிக்கடியில் வைத்தார். மேலே பலகைகளை அடுக்கி வெள்ளை வேஷ்டியை விரித்ததும் கட்டைகள் கண்ணுக்கே தெரியவில்லை. சாயங்காலம் திரும்பிய அம்மா கூடத்து வாசலில் நின்று, "ஒன்பது படியா!" என்று கண்ணை விரித்தாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆறாம் நாள் காலை ஜீயபுரத்திலிருந்து ஒரு வில்வண்டி வந்து நின்றது. இறங்கிய இரண்டு பேரும் வாழைத்தோட்டக்காரர்கள், அண்ணன் தம்பி. தம்பியின் பெண்டாட்டிக்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்து வலி.

"டாக்டரம்மா, கொஞ்சம் உடனே வாங்க. மருத்துவச்சி கையை விரிச்சிட்டா" என்றார் அண்ணன். தம்பி துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மா பையை எடுக்க உள்ளே ஓடினாள். அப்பாவுக்கு முகம் மாறியது. முந்தின நாள்தான் வண்டியின் முன்சக்கரத்தில் பிரேக் உரசுகிற சத்தம் கேட்டு, அதைச் சரிபண்ணாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தார். "ஒரு ஸ்பிரிங்தான் கழன்றிருக்கணும். பத்து நிமிஷத்துல மாட்டிடறேன். மாட்டு வண்டியில போனா மூணு மணி நேரம் ஆயிடும்" என்று சொல்லிக்கொண்டே கொட்டகைக்குப் போனார். நானும் கூடவே போனேன்.

கல் வைத்தார், பலகை போட்டார், ஜாக்கியை ஏற்றினார். பிறகு கட்டைக்காகப் பழக்கத்தில் மூலைப்பக்கம் கையை நீட்டினார். அங்கே ஒன்றுமில்லை. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"கொலுவுக்கு அடியில இருக்குப்பா. எடுத்துண்டு வரட்டுமா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு உதடு துடித்தது. ஒரு கட்டையை உருவ வேண்டுமென்றாலும் ஒன்பது படியும் கலைய வேண்டும்; அத்தனை பொம்மையும் இறங்க வேண்டும். அது அப்பாவுக்கும் தெரியும். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"வேண்டாம்மா. கலைஞ்சு போயிடும்" என்றார்.

கிணற்றடியில் கிடந்த செங்கற்களில் நாலைந்தைக் கொண்டுவந்து அச்சுக்கடியில் அடுக்கினார். செங்கல் வைக்கவே கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். வாசலிலிருந்து அம்மா, "ஏன்னா, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று குரல் கொடுத்தாள். "இதோ" என்றார். அசைத்துப் பார்க்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டார்.

ஜாக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்ததை நான் பார்த்தேன். கத்துவதற்கு வாயைத் திறப்பதற்குள் வண்டி இறங்கிவிட்டது. செங்கல் பொடிபட்டு உடைகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. அப்பா கத்தவில்லை. எப்போதும் போன்ற குரலில், "ரங்கு, அம்மாவைக் கூப்பிடு" என்றார். அவருடைய வலது கை வண்டிக்கடியில் இருந்தது.

என் அலறலைக் கேட்டு ஜீயபுரத்து அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஓடிவந்து முன்பக்கத்தை அப்படியே தோள்கொடுத்துத் தூக்கினார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்கியிருந்தன. அம்மா மண்ணில் மண்டியிட்டு, கழுவி, மருந்து வைத்து, இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்தவள் எழுந்திருக்கவில்லை. அந்தத் தம்பி சற்றுத் தள்ளி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கே ரெண்டு உசிர் காத்துண்டிருக்கு. எனக்கு விரல்தானே? நீ கிளம்பு" என்றார் அப்பா.

"உங்களை இப்படி விட்டுட்டா?"

"பக்கத்தாத்து வாத்தியாரைக் கூட்டிண்டு ஜட்கா வண்டியில ஆஸ்பத்திரிக்குப் போறேன். கிளம்புன்னா கிளம்பு."

அம்மா கிளம்பினாள். வில்வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதும், மறைந்தபிறகுதான் அப்பா சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டதும் எனக்கு நேற்று நடந்தது போல இருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். வாத்தியார் வீட்டு மாமி சுண்டல் பண்ணிக்கொண்டு வந்து, வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்குக் கொடுக்க என்னை உட்கார வைத்தாள். விஷயம் தெரியாமல் வந்த பெண்கள், "அடேயப்பா, இந்த வருஷம் என்ன உசரம்!" என்று கொலுவைப் புகழ்ந்தார்கள். ஒருத்தி என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். நான் வெள்ளை வேஷ்டியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு வைத்த பிறகு அப்பா வந்தார். இரண்டு விரலிலும் மேல்கணுவை எடுத்துவிட்டிருந்தார்கள். மறுநாள் காலை அம்மா வந்தாள். தாயும் பெண் குழந்தையும் பிழைத்துக்கொண்டார்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்: "கட்டை எங்கே போச்சு? கட்டை வைக்காம ஏன் கையை விட்டேள்?"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்கேயோ போட்டுட்டேன். தேடப் பொறுமையில்லை" என்றார்.

"உங்களுக்கா பொறுமையில்லை?" என்று தொடங்கிய அம்மா அன்றைக்குத் திட்டின திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கொலு முடிந்ததும், அம்மா வெளியே போயிருந்த நேரம் பார்த்து, ஒவ்வொரு கட்டையாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகை மூலையில் பழைய இடத்தில் வைத்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன், தினமும் தள்ளிப்போடுவேன். அப்பாவின் கையெழுத்து முன்பு அச்சடித்த மாதிரி இருக்கும். அது கோணலாகிப் போனதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதற்கப்புறம் அவர் காரைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் அம்மா செய்கிற வேலையை விட்டுவிட்டு வந்து குனிந்து பார்ப்பாள். "இன்னிக்காவது கட்டை வெச்சேளா? இல்லே இன்னிக்கும் பொறுமையில்லையா?" என்பாள். அப்பா, "வெச்சாச்சு, வெச்சாச்சு" என்பார். யுத்தம் முடிந்து, அந்தக் காரும் ஓய்ந்து, அதை விற்ற பிறகும்கூட, எந்தப் பேச்சிலும் இந்தக் கட்டைப் பேச்சு வந்துவிடும். இருபது வருஷத்துக்கு மேல் அப்பா அதை வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை.

அப்பா போய் இரண்டாம் வருஷம், அம்மா என்னோடு வந்து இருந்தபோது, ஒருநாள் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "ஜீயபுரத்துலேர்ந்து வந்து அவரைத் திட்டித் தீர்த்துட்டுக் கொலுவுக்கு விளக்கேத்தப் போனேனே, அப்பவே பார்த்தேன். ஏழு படி ஒன்பது படியானா அடியில என்ன இருக்குன்னு தோணாதா எனக்கு?"

"அப்படின்னா ஏம்மா அப்பாவைத் திட்டிண்டே இருந்தே?"

"அன்னிக்குத் தெரியாம கேட்டுட்டேன். தெரிஞ்சப்புறம் திடீர்னு நிறுத்தினா உனக்குச் சந்தேகம் வந்துடும். பதினோரு வயசுக் குழந்தை. அம்மாவுக்குத் தெரிஞ்சுடுத்து, என்னாலதான் அப்பாவுக்கு விரல் போச்சுன்னு மறுகிப் போயிடுவே."

"அப்பாகிட்டயாவது தனியா சொல்லியிருக்கலாமே?"

அம்மா ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "சொல்லலாம்னு எத்தனையோ தடவை வாய்வரைக்கும் வந்தது. உன்னைக் காப்பாத்தி வெச்சிருக்கோம்னு அவருக்கு மனசுக்குள்ள ஒரு சந்தோஷம் இருந்துது. அதை நான் ஏன் கெடுக்கணும்?" என்றவள், முறத்தை ஒரு தரம் தட்டிவிட்டு, "திட்டறப்போ சித்தே குறைச்சுத் திட்டியிருக்கலாம்" என்றாள். அப்போதுதான் அவள் கண்ணில் ஜலம் வந்தது.

இப்போது அம்மாவும் இல்லை. எங்கள் வீடிருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. அதன் தூண்களுக்கு நடுவே ஏழெட்டுக் கார்கள் நிற்கின்றன. சக்கரம் பழுதானால் போன் பண்ணுகிறார்கள், யாரோ ஒருவன் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஸ்ரீரங்கம் போனவள் அந்தக் கட்டடத்தின் முன்னால் கொஞ்சநேரம் நின்றேன். அப்பாவுக்கு எட்டுகிற மாதிரி ஒரே ஒரு விஷயம் சொல்ல முடிந்தால் போதும் என்றிருந்தது: அம்மாவுக்கு எல்லாம் தெரியும் அப்பா, நீங்கள் பதில் பேசியிருக்கலாம். ஆனால் தெரிந்திருந்தாலும் அவர் பேசியிருக்க மாட்டார். அம்மா திட்டத் திட்ட, தலையைக் குனிந்துகொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.