வால்பாறையிலிருந்து வந்த கேள்விகள்

கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளைக் கோயமுத்தூர் முதலாளிகளிடம் விற்றுப் பிழைக்கிறவன் நான். இங்கே மோட்டார் வாங்குகிறவர் முதலில் அதைத் தூக்கிப் பார்ப்பார். கிரைண்டர் வாங்குகிறவர் கல்லைத் தட்டிப் பார்ப்பார். நான் கொண்டு போவதோ மெய்நிகர் ஸ்விட்ச். ஒரே சர்வர் பெட்டிக்குள் நாலைந்து கணினிகள் இருப்பதாக மென்பொருள் பாவனை செய்யும். அந்தப் பாவனைக் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள, கேபிள்களை இணைக்கும் பெட்டி போல, ஒரு பாவனை ஸ்விட்ச் வேண்டும். அதுவும் மென்பொருள்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து மாற்றலாம், காசு கிடையாது; பொருத்திக் கொடுக்கத்தான் எங்களுக்குக் கூலி.

"பொட்டி எங்கங்க?" என்பார்கள் முதலில். பொட்டியே இல்லை என்றால் முகம் சுருங்கும். "சும்மா குடுக்கறாங்களா? அப்பறம் கெட்டுப்போனா யாரைப் புடிக்கறதுங்க?" என்பது அடுத்தது. ஆயுத பூஜையன்று ஒரு மில் முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்து புது ஸ்விட்சுக்கு எங்கே பொட்டு வைப்பது என்று கேட்டார். சர்வர் பெட்டியைக் காட்டினேன். "அதுக்குப் போன வருசமே வெச்சாச்சுங்களே" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் என் லேப்டாப்பில் வைத்துவிட்டுப் போனார்.

இந்த மென்பொருளுக்கு, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்று ஒரு பக்கம் உண்டு. உலகம் முழுக்க ஆட்கள் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்து ஒரே கேள்வியைக் கேட்டு எழுதியவர்களைப் படுத்தியெடுத்ததால் உண்டான பக்கம். எனக்கு அது மனப்பாடம். யார் என்ன கேட்டாலும் "அந்தப் பக்கத்தைப் படிச்சுப் பாருங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன். எங்கள் ஊரில் ஒருவரை மட்டம் தட்ட வேண்டுமென்றால் குரலை உயர்த்தத் தேவையில்லை, மரியாதையைக் கொஞ்சம் கூட்டினால் போதும். அந்த வித்தையில் நான் கெட்டிக்காரன்.

அதை நான் அதிகமாகக் காட்டியது வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் கம்ப்யூட்டர் கிளார்க்கிடம். உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பெண், முப்பது வயதுக்குமேல் இருக்கும். ஒப்பந்த வேலை. வேலையோடு குவார்ட்டர்ஸ், அந்த குவார்ட்டர்ஸில் அவரும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும். எஸ்டேட் ஆபீஸ் சர்வரில் இந்த ஸ்விட்சைப் பொருத்தும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. எந்த வரிசையில் என்னென்ன செய்யப் போகிறேன் என்று ஒரு திட்டத் தாள் எழுதி அனுப்பினேன். அன்றிலிருந்து அவர் மெயில்கள் வரத் தொடங்கின.

"ஏனுங்க சார், ஃபேக்டரி மெஷினுக்கும் ஆபீஸ் மெஷினுக்கும் ஒரே நம்பர் போட்டிருக்குதுங்க, அது அப்படித்தான் இருக்கோணுமுங்களா?"

"ரெண்டு கேபிளையும் தனித்தனியா ஒரே ஸ்விட்சுல சேத்துனா, உள்ள போனது வெளிய வராம சுத்திக்கிட்டே இருக்காதுங்களா?"

எல்லாவற்றுக்கும் என் பதில் ஒன்றுதான்: "அந்தப் பக்கத்தைப் படிச்சுப் பாருங்க அம்மணி." போத்தனூர் ஆபீஸில் மதியம் டிபன் பாக்ஸ் திறந்ததும் அன்றைய மெயிலை ராகத்தோடு வாசித்துக் காட்டுவேன். சிரிப்பு தாங்காது. ஒருத்தனுக்குப் புரையேறித் தலையில் தட்டியிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, ஏதோ ஒரு வேலையாகத் தாளைத் திறந்து அந்த நம்பரை மாற்றுவேன், அந்தக் கேபிள் வரியைத் திருத்துவேன். கேள்விக்கும் திருத்தத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக என் மண்டைக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

பொருத்தும் வேலைக்கு மூன்று நாள் முன்பு இன்னொன்று வந்தது. "ஏனுங்க சார், வெளி லைன் வர்ற நெட்வொர்க் கார்டை ஸ்விட்சுல சேத்துன பொறகு, அட்ரஸை ஸ்விட்சுக்கு மாத்தற வரி தாள்ல காணோமுங்க. கோயமுத்தூர்ல இருந்துட்டே பண்ணுனா லைன் போயிராதுங்களா?" அன்று புளிசாதம். சிரித்தோம். அந்தத் தடவை கை கழுவிய பிறகு போன் ஒன்று வந்துவிட்டதால் தாளைத் திறக்கவில்லை.

பொருத்தும் நாள் காலை பத்து மணிக்கு என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வால்பாறை சர்வருக்குள் போனேன். கார்டை ஸ்விட்சில் சேர்க்கும் கட்டளையைத் தட்டி என்டர் அடித்தேன். திரை அப்படியே நின்றது. நான் எந்த வழியாக உள்ளே போனேனோ அந்த வாசலையே பொதுவழியாக்கிவிட்டேன். வீட்டு நம்பரை, அதாவது அட்ரஸை, கழற்றி உள்வாசலில் மாட்டியிருக்க வேண்டும். மாட்டவில்லை. அந்தப் பக்கத்திலேயே ஆக அதிகம் பேர் கேட்டுச் சலித்த கேள்வி எதுவோ, அதைத்தான் நான் செய்திருந்தேன்.

எங்கள் முதலாளி பின்னாலேயே நின்றிருந்தார். "என்னங்க ஆச்சு?"

"கேபிளுங்க. அங்க யாரோ கையை வெச்சுப்போட்டாங்க" என்றேன். யோசிக்கவே இல்லை. இருபது வருஷ அனுபவம் அதற்குத்தான் உதவியது.

அவர் எஸ்டேட் மேனேஜருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எஸ்டேட் சர்வர் எங்களுக்கு மட்டுமல்ல, அங்கேயும் யாருக்கும் கிடைக்கவில்லை. கேபிள் விஷயத்தைக் கேட்டதும் மேனேஜர், "அந்தப் பொண்ணு எதையாச்சும் நோண்டிக்கிட்டே இருக்குமுங்க. இந்த மாசத்தோட கணக்கை முடிச்சு அனுப்பிச்சர்றேன்" என்றார். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. "நீங்களே நேர்ல போயி சரி பண்ணிப்போட்டு வந்துருங்க" என்றார் முதலாளி.

பொள்ளாச்சி வரை பஸ்ஸில் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் சிக்னல் போய்விட்டது. போனில் பழைய மெயில்கள் மட்டும் இருந்தன. வேறு வழியில்லாமல் அவர் எழுதியதையெல்லாம் வரிசையாகப் படித்தேன். ஹேர்பின் வளைவுகளுக்கு எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். ஒன்பதாவது வளைவில்தான் எனக்கு உறைத்தது. பதினோரு மெயில்களில் ஒன்றுகூடக் கேள்வி இல்லை.

நானும் இந்த ஊர்க்காரன்தானே. எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு இல்லையென்றால் "உப்புப் போட்டீங்களா?" என்றுதான் கேட்போம். மேலே இருப்பவரிடம் தப்பைத் தப்பென்று யாரும் சொல்வதில்லை, தெரியாதது போல ஒரு கேள்வியாக்கிக் கையில் கொடுப்போம். நானே எங்கள் முதலாளியிடம் தினம் அப்படித்தான் பேசுகிறேன். அந்தப் பெண் பதினோரு தடவை என் தப்பைத் திருத்தியிருக்கிறார். அதை ராகம் போட்டு வாசித்து ஊருக்கே விருந்து வைத்திருக்கிறேன்.

எஸ்டேட் ஆபீஸில் அவர் சர்வர் அறைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதையும் தொடக்கூடாது என்று உத்தரவாம். உள்ளே சுவரில் அந்தக் கேள்வி பதில் பக்கம் அச்செடுத்து ஒட்டியிருந்தது. ஒரு பதிலின் கீழே மட்டும் பென்சிலால் கோடு. எது என்று சொல்ல வேண்டியதில்லை.

உட்கார்ந்து இரண்டு வரி தட்டினேன். சர்வருக்கு உயிர் வந்தது. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதே இரண்டு வரியைக் காலையிலேயே அவர் தட்டியிருப்பார், விட்டிருந்தால்.

"ஏனுங்க சார்," என்றார் மெதுவாக. "நான் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணோணுமுங்களா? பாப்பாவுக்குப் பரீட்சை நடந்துட்டு இருக்குதுங்க."

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்வது?

மேனேஜர் உள்ளே வந்தார். "வந்துருச்சுங்களா? கேபிள்தானுங்களே?"

"இல்லைங்க" என்றேன். "கேபிளை யாரும் தொடலைங்க. நான் பண்ணுன தப்பு. இந்த அம்மணி மூணு நாள் முன்னாடியே எழுதிச் சொன்னாங்க, நான்தான் கேக்கலை. எங்க முதலாளிகிட்டயும் இப்பவே சொல்லிர்றேனுங்க." மேனேஜர் எதிரிலேயே போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் முதலாளி "அப்படிங்களா, சரிங்க, சரிங்க" என்றார். அந்த இரண்டு சரிங்க எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். மேனேஜர் அந்தப் பெண்ணின் கணக்கை முடிக்கக் கொண்டுவந்திருந்த உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப நீ உன்ற வேலையைப் பாரு கண்ணு" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் பையைத் தோளில் மாட்டினேன். நன்றி சொல்வார் என்று ஒரு நப்பாசைகூட இருந்தது, மானங்கெட்ட மனசு. அவர் திரையைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இப்பக் குடுத்த அட்ரஸு, மெஷினை அணைச்சுப் போட்டா நிக்குமுங்களா?"

நிற்காது. கையால் தட்டியதோடு சரி, கோப்பில் எழுதிச் சேமிக்க மறந்திருந்தேன். பையைக் கழற்றிவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.