மூலை வீட்டுத் தண்ணீர்

எங்கள் தாமான் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று பார்ப்பதை நான் விட்டு ரொம்ப நாளாகிறது. ஒரு காணொளி வந்தது. சூராவ் என்கிற சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நடக்கும்போது கோயிலில் உறுமி அடித்தார்களாம். எந்த ஊரில் எடுத்தது என்றுகூட யாருக்கும் தெரியாது. அதற்குள் மலாய்க்காரர்கள் பக்கம் ஒரு கூட்டம், நம்ம பக்கம் ஒரு கூட்டம். ஒரே கடையில் மீன் வாங்குகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

என் கவலை வேறு. தோட்டத்து லயத்தை விட்டு இங்கே குடிவந்ததிலிருந்து வருசா வருசம் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிறேன். தஞ்சோங் காராங் வெயிலில் தார் ரோடு கொதிக்கும், செருப்பும் போட முடியாது. மூலை வீட்டு மலாய்க்காரர், மலாயில் மாமா என்று எல்லாரும் கூப்பிடும் பாக்சிக், கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கள் கால் படும் முன்னே ரோட்டில் தண்ணீர் பீய்ச்சுவார். யாரும் கேட்டு அவர் செய்ததில்லை. இந்தச் சண்டையில் அது நின்றுவிடக் கூடாது என்பதே இந்த வருசம் என் வேண்டுதலாகிவிட்டது.

அவர் மனைவி வேலியோரம் நின்று என்னிடம் சொன்னார். அவர்கள் வீட்டு மருமகன், இதெல்லாம் நமக்கு எதற்கு என்று சத்தம் போட்டானாம். பாக்சிக் நேரே கடைக்குப் போய் நீளமாகப் புது ரப்பர் குழாய் வாங்கி வந்தாராம்.

அதை அப்படியே கோயில் கூட்டத்தில் சொன்னேன். தலைவர் கேட்டால்தானே!

"அவங்க தண்ணிய நம்பித்தான் நாம சாமி கும்புடணுமாக்கா? நமக்கு மானம் இல்லையா? தண்ணி லோரி சொல்லியாச்சு லா."

"அவரு வருவாரு தம்பி. குழாயே வாங்கி வெச்சிட்டாரு."

"வரலன்னா? உங்க காலுதான் வெந்து போவும்."

"வெந்தா நான் பாத்துக்குறேன். நீங்க லோரிய மூலைக்கு முன்னாடியே நிறுத்துங்க."

சரி சரி என்று தலையாட்டினார். எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

திருவிழா அன்று குடத்தோடு மூலை திரும்பினேன். லோரி நிற்காமல் எங்களுக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது. ரோடு முழுக்க ஈரம். பாக்சிக் புதுக் குழாயைக் கையில் பிடித்தபடி கேட் வாசலில் நின்றார். ஏற்கெனவே நனைந்த ரோட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டார். தலைவர் தூரத்திலிருந்தே வேண்டாம் என்று கையை ஆட்டினார். தலையில் குடம் மட்டும் இல்லையென்றால் அந்தக் கையைப் பிடித்து இழுத்திருப்பேன். பாக்சிக் திரும்பிப் போய்ப் பைப்பை மூடினார். மருமகன் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அவர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"கால் சுடலையே?" என்று மலாயில் கேட்டார்.

இல்லை என்றேன்.

"நல்லது. இனிமே உங்களுக்கு லோரி இருக்கு."

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு அடுத்த செடிக்குக் குழாயைத் திருப்பினார்.