தராசில் ஏறாத செக்ஸ்டன்ட்

தை மாதம் மகளுக்குக் கல்யாணம். வீட்டுப் பழைய பித்தளையை எல்லாம் எடைக்குப் போட்டு, சீர்வரிசைக்குப் புது அண்டா எடுப்பது என்று என் மனைவி முடிவு செய்தாள். அந்தக் குவியலில் என் செக்ஸ்டன்டும் கிடந்தது.

நடுக்கடலில் அடிவானத்திலிருந்து சூரியனின் உயரத்தைப் பாகைக் கணக்கில் அளந்து, கப்பல் எங்கே நிற்கிறது என்று அறியும் கருவி அது. மெட்ராஸில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் பழைய சாமான் கடையில் வாங்கினேன்.

அழுக்குக்கு எடை கழிப்பார்கள் என்று பயந்து, அதையும் புளி போட்டுத் தேய்த்திருந்தாள். அடியிலுள்ள வில்லில் நூற்றிருபது பாகைக் கோடுகள் உண்டு. எண்ணினேன். மிச்சம் முப்பத்தொன்பது.

"கோடு போனா இன்னாங்க? எப்டி பளபளன்னு கீது பாருங்க!"

மூட்டை கட்ட வந்த அவள் தம்பி சிரித்தான். "இன்னா பாவா, திருத்தணிக்குக் கப்பல் வரப்போவுதா?"

"வந்தா வருது, வராங்காட்டி போவுது. இது தராசுல ஏறாது."

"அப்ப நம்ம ஊரு எங்க கீதுன்னு இத்த வெச்சி சொல்லுங்க. சரியா சொன்னா வுட்டுட்றேன்."

கடல் இல்லாத ஊரில் அடிவானத்துக்கு எங்கே போவது? சுற்றிலும் மலை. பூஜைத் தட்டில் நல்லெண்ணெய் ஊற்றி மாடியில் வைத்தேன். எண்ணெயில் தெரியும் சூரியனையும் வானத்துச் சூரியனையும் கருவிக்குள் ஒன்றாக்கினால் வரும் கோணத்தில் பாதிதான் சூரியனின் உயரம். காற்றில் எண்ணெய் அலையாமல் மைத்துனன் குடையைச் சாய்த்துப் பிடித்தான். உச்சிவேளையில் அளந்தேன். அழிந்த கோடுகளை, மிஞ்சியவற்றைக் கொண்டு ஊகித்தேன். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் அளவையும் சேர்த்துக் கணக்குப் போட்டதில் ஊரின் அட்சரேகை பதினான்கு பாகை என்று வந்தது. மகளின் பள்ளிக்கூட அட்லஸில் திருத்தணி பதின்மூன்றுக்குச் சற்று மேலே இருந்தது. பதினான்கில் விரலை வைத்த மைத்துனன் துள்ளினான்.

"அக்கா, இங்க வா! போராடி மெட்ராஸோட சேத்த ஊரு. பாவா ஒரு தட்டு எண்ணெய்ல திரும்ப ஆந்திராவுக்கே அனுப்பிட்டாரு!"

"தப்பு புளியோடது. கருவியோடது இல்ல."

"தோத்துட்டீங்க பாவா. குடுங்க."

"தோத்தா? தோத்தாலும் குடுக்க மாட்டேன். எடைதான வேணும்? என் வெந்நீர்த் தவலையை எடுத்துகினு போ."

எனக்குச் சளி உடம்பு. தவலையைத் தொட மாட்டான் என்று நினைத்தேன். எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் விடியலில் கிணற்றடியில் பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தேன். நாலாவது தும்மலுக்கு மனைவி எட்டிப் பார்த்தாள்.

"தவலை இன்னும் கடையிலதாங்க கீது. இப்ப சொன்னாலும் அந்தக் கருவியக் குடுத்து மாத்திக்கலாம்."

அவள் பார்க்கப் பார்க்க இன்னொரு சொம்பு எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன்.