பேதுருவாக வாசிக்க மறுத்த மச்சான்

புனித வெள்ளியன்று எங்கள் கோவிலில் இயேசுவின் பாடுகளைத் தமிழில் மூன்று பேர் வாசிப்போம். இயேசு பேசும் வார்த்தைகள் பங்குத் தந்தைக்கு. கதையைச் சொல்லிக்கொண்டு போகும் உரையாளர் பகுதி எனக்கு. மிச்சமுள்ள, இயேசுவைத் தெரியாது என்று மறுதலிக்கும் சீடர் பேதுரு, அவருக்குத் தண்டனை விதிக்கும் பிலாத்து, வேலைக்காரி, சிலுவையில் அறையச் சொல்லிக் கத்தும் கூட்டம் எல்லாமே என் தங்கையின் கணவனுக்கு. அவன் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவன். இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவன் கூட்டமாகக் கத்தும்போது கோவிலில் இருக்கிற பதினான்கு மின்விசிறிகளும் ஒரு நொடி நின்றுவிட்டது போலிருக்கும். துறைமுகத்தில் சரக்குகளை எண்ணி ஓய்வு பெற்றவன் நான். எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவேன், எண்ணியதும் கவலைப்படுவேன்.

இந்தத் தவக்காலத்தில் வலது கண்ணில் புரை எடுத்துவிட்டு வீட்டில் கிடந்தேன். தங்கை மீன் குழம்போடு வந்தாள்.

“அண்ணே, நீங்க வாசிப்ப விட்டுட்டீங்களாமே? ஏன் எங்கிட்ட சொல்லல?”

“யார் சொன்னா?”

“இந்த மனுஷன்தான். ஃபாதர்கிட்ட நீங்களே சொல்லச் சொன்னீங்களாம். இப்ப இவருதான் உரையாளராம். வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு ஒரே கத்தல்.”

மீன் குழம்பு ஆறும் வரை என்னால் சாப்பிட முடியவில்லை. நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. வருஷம் முழுவதும் நான் காத்திருப்பது அந்த ஒரு வாசிப்புக்குத்தான். பணி ஓய்வுக்குப் பிறகு, நான் பேச ஆரம்பித்ததும் எல்லாரும் அமைதியாகக் கேட்கிற இடம் வேறு எதுவும் எனக்கு இல்லை. வீட்டில் நிச்சயமாக இல்லை.

மறுநாள் காலை, கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு, மச்சான் கோப்பி குடிக்கும் கடைக்கே போனேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். சுற்றி வளைக்கத் தேவையில்லை.

“ஃபாதர்கிட்ட என்னடா சொன்ன?”

“பொய் சொன்னேன் மச்சான்.” ரொட்டியைக் கோப்பியில் தோய்த்துக்கொண்டே சொன்னான். “இத்தன வருஷமா பேதுரு, பிலாத்து, பிலாத்து, பேதுரு. ஒரு வாட்டியாச்சும் யாரையும் மறுதலிக்காம, யாரையும் சிலுவையில அறையாம வாசிக்கணும்னு ஆசையா இருந்துச்சு. தப்புதான். அதான் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேனே. முடிஞ்சு போச்சு லா.”

“என்ன முடிஞ்சு போச்சு?”

“கடவுள் மன்னிச்சிட்டாரு. ஃபாதர் பத்து அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னாரு, பன்னெண்டு சொன்னேன். ரெண்டு எக்ஸ்ட்ரா.”

“எங்கிட்ட சரி பண்ணச் சொல்லலியா?”

“சம்பந்தப்பட்டவர்கிட்ட பேசிடுங்கன்னு சொன்னாரு. அதான் பேசிக்கிட்டு இருக்கேனே.”

எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. சில்லறைப் பாவங்களை நம் பங்குத் தந்தையிடம் சொல்வோம். கனமானதாக இருந்தால் பஸ் ஏறி, முகம் தெரியாத வேறு கோவிலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவோம்.

“எந்த ஃபாதர்கிட்ட சொன்ன?”

“நம்ம ஃபாதர்தான். சின்னப் பொய்தானே, இதுக்குப் போய் பஸ் காசு எதுக்கு?”

அங்கேதான் எல்லாம் கெட்டது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பாதிரியார் யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, அதை வைத்து ஒரு காரியமும் செய்யக் கூடாது. வாசிப்பவர் யார் என்று முடிவு செய்கிறவர் ஒரே ஒருவர். அவர் வாய்க்குத்தான் என் மச்சான் முத்திரை வைத்துவிட்டு வந்திருக்கிறான், பஸ் காசை மிச்சம் பிடிப்பதற்காக.

ஆனாலும் அலுவலகத்தில் போய்ப் பார்த்தேன். எங்கள் பங்குத் தந்தை இளைஞர். பொய் சொல்லத் தெரியாதவர். அவர் படிப்பில் அது ஒரு பெரிய குறை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

“ஃபாதர், நான் வாசிக்க மாட்டேன்னு யார்கிட்டயும் சொல்லல.”

அவர் மேலே சுழலும் விசிறியைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். என்னைத் தவிர அந்த அறையில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தார்.

“அப்படியா. ம்... நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வந்து சொல்லுங்களேன்.”

“அவன் வர மாட்டான் ஃபாதர். அவனுக்குத்தான் மன்னிப்புக் கிடைச்சிருச்சாமே.”

“யாருக்கு என்ன கிடைச்சதுன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது!” என்று சொல்லி மேஜை மேலிருந்த பேனாக்களை நேராக அடுக்க ஆரம்பித்தார். எட்டுப் பேனாக்கள். பாவம், விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். கடவுள் மன்னித்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவருக்கு எதிராகச் செய்த பங்கை அவர் மன்னிக்கலாம். எனக்கு எதிராகச் செய்த பங்கு ஒன்று இருக்கிறதே. அதை என்னைக் கேட்காமல் எப்படித் தள்ளுபடி செய்ய முடியும்? வேதபாட வகுப்பில் படித்ததும் நினைவுக்கு வந்தது: செய்ததற்கு வருந்தும் மனஸ்தாபம், அதைச் சொல்லும் அறிக்கை, கெடுத்ததைச் சரிசெய்யும் பரிகாரம். என் மச்சான் முதல் இரண்டோடு வகுப்பை விட்டு ஓடியவன்.

யோசிக்க யோசிக்கக் கோபம் ஏறியது. புனித வாரம் தொடங்கும் குருத்து ஞாயிற்றுக்கு முன் நானும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டேன்.

“ஒருத்தர் மேல எனக்குக் கோபம் ஃபாதர். பேரு சொல்லணுமா?”

“வேணாம், வேணாம்!” திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவசரமாகப் பதில் வந்தது.

“புனித வெள்ளியன்னைக்கு அவர் வாயத் தொறந்ததும் உள்ள கொசு போகணும்னு வேண்டிக்கிட்டேன். ஏழு தடவை.”

“ஜெபத்துலயா?”

“நாலு ஜெபத்துல. மூணு சும்மா.”

அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஒரு சத்தம். இருமல் இல்லை என்று நினைக்கிறேன். பிறகு பரிகாரம் சொன்னார். கோபப்பட்ட அந்த ஆளுக்கு நான் உதவி செய்ய வேண்டும். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை அவருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஐம்பது ஜெபமாலை கொடுத்திருந்தால்கூடச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பேன்.

அன்று மாலையே மச்சானைக் கூப்பிட்டு, வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான்.

“எதுக்கு?”

“நல்லா வாசிக்கணும்ல.”

இது பரிகாரம் என்று நான் சொல்லவில்லை. பாதிரியாருக்குத்தான் சொல்லக் கூடாது என்று விதி. எனக்கு அப்படி விதி எதுவும் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. அவன் என்னை மகாத்மா என்று நினைத்துத் தவிப்பதைப் பார்க்க நன்றாக இருந்தது.

என் வீட்டு ஹாலில் உட்கார்ந்தோம். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே நிறுத்தி ஜனங்களை யோசிக்க விட வேண்டும், எந்தச் சொல்லை மெதுவாகச் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் கொடுத்தேன். திருட்டுத்தனமாக எதையும் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது மாலைக்குள் அவன் உண்மையிலேயே நன்றாக வாசித்தான். எனக்கு வயிறு எரிந்தது. புன்னகை செய்தேன்.

அவன் புத்தகத்தை மூடினான்.

“ஒரு வார்த்தை திட்டிடேன் மச்சான்.”

“கடவுளே மன்னிச்சிட்டாரு. நான் எதுக்குத் திட்டணும்?”

“தூக்கம் வர மாட்டேங்குது லா!”

“ரெண்டு அருள் நிறைந்த மரியே எக்ஸ்ட்ரா சொன்னியே, அது பத்தலியா?”

என் தங்கை கோப்பியோடு உள்ளே வந்தாள். “அண்ணே, நீங்க சும்மா இருங்க. ஏங்க, சாமிகிட்ட மன்னிப்பு வாங்கிட்டீங்க, சரி. எடுத்தத திருப்பிக் கொடுக்காம மன்னிப்ப மட்டும் வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? ஃப்ரேம் போட்டு சுவத்துல மாட்டவா?”

அவன் கோப்பியைக் குடிக்காமலே எழுந்து போனான்.

புதன்கிழமை கோவிலில் ஒத்திகை. சும்மா கேட்கிற சாக்கில் நானும் தங்கையும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். பாதிரியார் ஒலிவாங்கியைச் சரி செய்துகொண்டிருந்தார். மச்சான் வாசிக்காமல் என் பக்கம் கையைக் காட்டினான்.

“ஃபாதர், ஒரு விஷயம். இவன் வாசிக்க மாட்டேன்னு சொல்லவே...”

“அப்படியா!” என்றார் பாதிரியார். ஆச்சரியம் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. மச்சான் இன்னும் வாக்கியத்தை முடிக்கவில்லை.

“சொல்லவே இல்ல ஃபாதர். நான்தான் பொய் சொல்லி வாங்கிக்கிட்டேன்.” ஒலிவாங்கி திறந்திருந்தது. பாடகர் குழுவிலிருந்து பூ அலங்காரம் செய்தவர்கள் வரை அத்தனை பேரும் கேட்டார்கள். தொழிற்சாலைக் குரல் வேறு.

தலைச்சுமையை இறக்கி வைத்த ஆள் மாதிரி பாதிரியார் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முழுவதையும் குடித்தார். இனி அந்த விஷயம் தெரியும் என்று அவரும் காட்டிக்கொள்ளலாம்.

“சரி, இப்ப யார் வாசிக்கிறது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எல்லாரும் திரும்பினார்கள். அவன் நன்றாகத் தயார் செய்திருந்தான், தயார் செய்தவனே நான். இந்த இடத்தில் நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பேன் என்று நாலைந்து முகங்கள் எதிர்பார்த்தது எனக்குத் தெரிந்தது. முன்னால் நடந்து போய்க் கையை நீட்டினேன்.

“கொடு.”

“நெசமாவா? அப்ப நீ என்னை மன்னிக்கலியா?”

“மன்னிச்சிட்டேன். புத்தகத்தக் கொடு.”

கொடுத்தான். மூன்றாவது ஒலிவாங்கிக்குப் போய் நின்று, பாதிரியாரைக் கேட்டான்: “ஃபாதர், மறுதலிச்ச பேதுருவ இயேசு மன்னிச்சாங்களா இல்லியா?”

“மன்னிச்சாங்க.”

“அப்புறம் திருச்சபைக்கே தலைவர்ங்கிற பெரிய பொறுப்பும் கொடுத்தாங்கல்ல?”

“கொடுத்தாங்க,” என்றார் பாதிரியார். “ஆனா அந்த வெள்ளிக்கிழமையே இல்ல.”