ஏழுக்கு அப்புறம் எட்டு

எனக்கு ஆறு வயதானபோது என்னை மறுபடியும் யூகேஜியில் உட்கார வைக்கப் பார்த்தார்கள். காரணம், எனக்கு நன்றாக எண்ணத் தெரிந்திருந்ததுதான். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்பாவுக்கு பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டும் வேலை கிடைத்து, திருவண்ணாமலையிலிருந்து சந்தாபுராவுக்குக் குடிவந்த புதிது. வீடு மூன்றாவது மாடி. படியேறும்போது அப்பா ஒரு எண்ணைச் சொல்வார், அடுத்ததை நான் கத்த வேண்டும். அந்த விளையாட்டில் நான் புலி.

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே கன்னட மிஸ் என் பக்கத்தில் வந்து நின்று, "ஏளு" என்றார். நான், "எட்டு" என்றேன். அவர் முறைத்துவிட்டு, "ஏளு!" என்றார். காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று நானும் உரக்க, "எட்டு!" என்றேன். மூன்றாம் முறை அவர் அதட்டியபோது எனக்கே சந்தேகம் வந்து, "ஒம்பது?" என்றேன். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. ஒரு வாரம் இதே கூத்து. பிறகு டைரியில் எழுதி அனுப்பிவிட்டார்: சொல்வதைப் புரிந்துகொள்வதில்லை, இன்னும் ஒரு வருடம் யூகேஜியில் இருப்பது நல்லது, திங்கட்கிழமை பெற்றோர் வரவும்.

அம்மா அழுதாள். ஊரிலேயே இருந்து தொலைத்திருக்கலாம், பிள்ளையின் படிப்பே போச்சு என்று அப்பாவையும் ஒரு பிடி பிடித்தாள்.

சித்தி அப்போது எங்களோடு தங்கி பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதற்கென்றே ஒரு தடிப் புத்தகம் வைத்திருந்தாள். அதைப் பிரித்து வைத்துக்கொண்டு இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றினாள். ஒன்றிலிருந்த தண்ணீரை ஒல்லியான உயர பாட்டிலுக்கு மாற்றி, இப்போது எதில் அதிகம் என்று கேட்டாள். இதுகூடவா தெரியாது? பாட்டிலில்தான் என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சித்தியோ சந்தோஷமாக என் கன்னத்தைக் கிள்ளினாள்.

"தப்பால்ல சொல்லுது? நீ என்னடி கொஞ்சுற?"

"அக்கா, இந்த வயசுல நெறைய புள்ளைங்க இப்படித்தான் சொல்லும். தப்பா சொன்னாலும் அதுக்குள்ள அதுங்களுக்குன்னு ஒரு நியாயம் இருக்கும். நாமதான் கேக்கணும்."

கேட்டும் விட்டாள். மிஸ் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய்?

"அவங்க ஏழுன்னாங்க. ஏழுக்கு அப்புறம் எட்டுதானே சித்தி?"

சித்தி "ஏழு, ஏளு" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பஸ்ஸில் கேட்டுக் கேட்டுத் தேறிய அரைகுறைக் கன்னடம் அவளுடையது. "அடிப்பாவி! ஏளுன்னா எழுந்திருன்னு அர்த்தம்டி!" என்று சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அம்மாவும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

திங்கட்கிழமை அம்மா, சித்தி, நான் மூவரும் பள்ளிக்குப் போனோம். சித்தி பாதி கன்னடத்திலும் பாதி சைகையிலும் விஷயத்தைச் சொல்லி முடிக்க, மிஸ், "அய்யோ தேவரே!" என்று கடவுளைக் கூப்பிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார். அவருடைய மொழியிலும் ஏழுக்கு ஏளுதான். எத்தனையோ வருடமாகப் பிள்ளைகளை எழுப்பியவருக்கு, அதற்குள் ஓர் எண் உட்கார்ந்திருப்பது தோன்றவே இல்லை. டைரியில் எழுதியதை என் கண் முன்னாலேயே அடித்தார். நான் ஒன்றாம் வகுப்பிலேயே இருந்தேன்.

அன்றிலிருந்து மிஸ் யாரை எழுப்பினாலும், "ஏளு" என்றபடியே உள்ளங்கையை மேலே தூக்குவார். தசரா லீவுக்குள் எனக்குக் கன்னடத்தில் சண்டை போடவே வந்துவிட்டது. ஆனாலும் என்னைப் பார்த்தால் அந்தக் கை கூடுதலாக ஒரு சாண் உயரும். பாவம், மிஸ்ஸுக்குத் தோள்பட்டை வலி, அதனால்தான் கையை இப்படித் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் அம்மாவுக்குத் தெரியாமல் வலித் தைலத்தை எடுத்துப்போய் அவர் மேசையில் வைத்தேன்.

எதற்கு என்று கேட்டார். உங்கள் கைக்கு என்றேன். மிஸ் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மூடியைத் திறந்து, நிஜமாகவே தோளில் தேய்த்துக்கொண்டார்.