கொள்ளேகால் பஸ்ஸில் ஜெர்மன்

மைசூரு பஸ் நிலையத்தில் கொள்ளேகால் வண்டி நிற்கிறது. என் பக்கத்தில் ஒரு தாயும் மகளும். மகள் இங்கே ஜெர்மன் படிக்க வருகிறாள். ஜெர்மனியில் கட்டணம் வாங்காத பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. தாய் பேசுவது தமிழ், படித்தது கன்னடம். ஜெர்மன் சொற்களைக் கன்னட எழுத்தில் எழுதிய தாளைப் பார்த்து மகளைக் கேள்வி கேட்கிறார்.

எனக்குச் சந்தேகம். "நெஜமாவே பீஸ் இல்லையாம்மா?"

"இவங்கப்பாவே நம்பமாட்டேங்கறாருங்க. காசு வாங்காத எடத்துல என்னத்தச் சொல்லிக்குடுப்பாங்கன்னு கேக்கறாரு. இவ படிச்ச கவர்மெண்ட் ஸ்கூல்ல மட்டும் காசா வாங்குனாங்க?"

வண்டி கிளம்புகிறது. "ஏர்போர்ட்டு?" என்று தாய் மகளைக் கேட்கிறார். மகள் சொல் நினைவுக்கு வராமல் விழிக்கிறாள். விமான நிலையத்தை இன்னும் பார்த்திராத தாய், தாளைப் பார்க்காமலே சொல்லிவிடுகிறார்: "ஃப்ளூக்ஹாஃபன்!"